காது தெரியாத படம்

தம்பி, அந்தப் பைய மேல வைக்காம மடியிலயே வச்சிருக்கீங்களே, உள்ள கேமராவா? நினைச்சேன். ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டுதான் வாறேன். நீங்க வச்சதே சரி. மேல வச்சா எவன் எந்த ஸ்டாப்புல எடுத்துட்டு எறங்குவான்னு யாரு கண்டா. மூணாவது சீட்டுல மஞ்சச் சட்டை போட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டான். சும்மா பாக்கானா, பையப் பாக்கானான்னு தெரியல.

கல்யாணப் படம் எடுக்கீங்களா, இல்ல முகம் மட்டும் தனியா எடுக்கீங்களா? ரெண்டுமா. அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உள்ளதச் சொல்லணும். நீங்க எந்த ஊரு? பரமக்குடியா. அப்பாகூடப் பொறந்தவங்க யாரையும் பாளையங்கோட்டைப் பக்கம் கட்டிக்குடுத்திருக்கா? இல்லையே? சரி, கேட்டுக்கிட்டா நல்லதுல்லா.

என் பேரு சிதம்பரநாதன். ஊரு எதுக்கு, தென்காசிப் பக்கம்னு வச்சிக்கிடுங்க. பத்திரம் எழுதறது என் சோலி. முப்பத்தாறு வருஷமா சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்புல உக்காந்து எழுதுகேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், எல்லாம். வில்லங்கம் போட்டுப் பாக்காம நான் பேனாவத் திறக்க மாட்டேன். அம்பது வருஷம் பின்னால போயி இந்த இடத்த எவன் எவனுக்கு வித்தான், எவன் அடமானம் வச்சான், கூடப்பொறந்த பொண்ணுக்குப் பங்கு விட்டானா இல்லையான்னு தோண்டிருவேன். வடக்கே இன்னாரு நிலம்னு எழுதியிருந்தா, பஸ் ஏறிப் போயி வடக்க நின்னு பாப்பேன். கூட எழுதறவனுக எல்லாம் சிரிப்பானுக. சிரிக்கட்டும். நான் எழுதின பத்திரத்துல ஒரு கேசு வந்ததில்ல.

எனக்கு ஒரே பையன், குற்றாலநாதன். கோயமுத்தூர்ல பம்புசெட்டுக் கம்பெனியில இஞ்சினியர். முப்பத்துமூணு வயசு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, விசாரிச்சிருக்கேன். சிரிக்காதீங்க. பெத்த பிள்ளைன்னாலும் விசாரிக்கணும். அவன்கூட ரூம்ல இருந்த பையன்கிட்ட ரெண்டு தடவ போன் போட்டுக் கேட்டேன்.

அவனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சு ஆறு வருஷம். இருபத்திரெண்டு ஜாதகம் வந்தது. எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு இருந்தது. ஒரு வீட்டுல தாய்மாமன் என்ன பண்றாருன்னு கேட்டா மழுப்பினாங்க. ஒரு வீட்டுல பொண்ணுக்குப் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல ஒரு தேதி, ஜாதகத்துல ஒரு தேதி. இன்னொரு வீட்டுல எல்லாம் சரியா இருந்தது, ஒரு குறை கண்டுபிடிக்க முடியல. அப்படி எப்படி இருக்கும்? அதையும் விட்டுட்டோம்.

இருபத்துமூணாவதா வந்ததுதான் இந்தப் பொண்ணு. பேரு பகவதி. பாளையங்கோட்டை. அப்பா மின்சார வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. தரகர் வாட்சப்புல படத்த அனுப்பினாரு. நான் போன்ல பாத்து முடிவு சொல்ற ஆளு இல்ல. கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்து, பெரிய தாள்ல பளபளன்னு பிரிண்ட் போட்டு வாங்கி, மேசையில விரிச்சு, பழைய பத்திரம் படிக்கற பூதக்கண்ணாடிய எடுத்து வச்சுப் பாத்தேன்.

தம்பி, கண்ணு இருக்கே, அப்படி ஒரு தெளிவு. இமை முடிய ஒண்ணொண்ணா எண்ணலாம். புருவத்துக்குள்ள ஒரு சின்ன மச்சம், அது தெரியுது. மூக்குத்திக் கல்லுல ஒரு கீறல், அது தெரியுது. அப்படியே கன்னத்துல இருந்து பின்னால போங்க. காது கரைஞ்சு கிடக்கு. காதுன்னு ஒண்ணு இருக்குன்னு தெரியுது, அவ்வளவுதான். கழுத்தும் அப்படித்தான். பின்னால செடியா, சுவரா, திரையான்னு ஒண்ணும் சொல்ல முடியல.

ஆவுடை, அதான் என் வீட்டுக்காரி, பின்னால வந்து நின்னு, "நல்லா லட்சணமா இருக்கா"ங்கா. "முகத்தப் பாக்காத, காதப் பாரு"ன்னேன். "காதுல என்ன?"ன்னா. "அதான் நானும் கேக்கேன். மூக்குத்திக் கீறல் விழுந்த படத்துல காது ஏன் விழல?" அடுப்புல ஏதோ கிடக்குன்னு போயிட்டா.

எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. காதுல மிஷின், காது கேக்காதவங்க வைக்கறது. இப்ப மிஷினெல்லாம் சுண்டக்கா அளவுக்கு வந்திருச்சுல்லா, காதுக்குப் பின்னால செருகிட்டா யாருக்குத் தெரியும்? படத்துல தெரிஞ்சிருமேன்னு அழிச்சிருக்காங்க.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். அந்தக் கண்ணு கருமணிக்குள்ள வெளிச்சம் விழுந்திருக்கும்லா, அங்க பூதக்கண்ணாடிய வச்சேன். ஜன்னல் தெரியுது. ஜன்னலுக்கு முன்னால மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு தெரியுது. ஆளு இல்ல. படம் எடுத்தவன் எங்க? தரகர் அனுப்பின விவரத் தாள எடுத்துப் பாக்கேன், பொண்ணுக்குத் தொழில்ங்கற இடத்துல 'சொந்தத் தொழில்'னு மட்டும் போட்டிருக்கு. என்ன தொழில்னு போடல. ஒரு தாள்ல எத்தன இடத்துலதான் மறைப்பாங்க?

தரகர்கிட்ட வேற படம் கேட்டேன். வந்தது. இந்தத் தடவ முகத்த ஒரு பக்கமாத் திருப்பி உக்காந்திருக்கா. காதுக்கு மேல முடிய இறக்கி விட்டிருக்கு. போதாததுக்கு, கிட்டக்க இருக்கற கண்ணு தெளிவா இருக்கு, தூரத்துக் கண்ணு கலங்கி இருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. காதோட போச்சுன்னு பாத்தா கண்ணுமா?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெபராஜ்னு ஒருத்தர் ஸ்டூடியோ வச்சிருக்காரு. ரெண்டு படத்தையும் கொண்டு போய்க் காட்டினேன். பாத்துட்டுச் சிரிக்காரு. "அண்ணாச்சி, இது லென்சு வேலை. முகம் எடுக்கதுக்குன்னே வாறது. உள்ள ஒரு ஓட்ட இருக்கு. அதப் பெருசாத் திறந்து வச்சு, கண்ணுல குறி வச்சா, கண்ணு மட்டும்தான் கூர்மையா விழும். அதுக்கு ஒரு விரல் அகலம் முன்னால இருந்தாலும் சரி, பின்னால இருந்தாலும் சரி, கலங்கிரும்"னாரு. சொன்னதோட விடல. மேசையில மூணு பசை பாட்டில வரிசையா வச்சு எடுத்துக் காட்டினாரு. நடுப் பாட்டில்ல ஒட்டியிருந்த எழுத்த வாசிக்கலாம். முன்னாலதும் பின்னாலதும் பஞ்சு மாதிரி இருந்தது. பொறவு ஓட்டையச் சுருக்கி எடுத்தாரு. மூணும் தெளிவா விழுந்தது.

நான் கேட்டேன், "அப்ப சுருக்கி எடுத்தா காதும் தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் சுருக்கல?"

"அழகுக்கு அண்ணாச்சி. பாக்கறவங்க பார்வை நேரா கண்ணுக்குப் போகணும்லா."

பாத்தீங்களா? என் பார்வை எங்க போகணும்னு அவன் முடிவு பண்ணுவானாம். எல்லாத்தையும் காட்ட வழி இருந்தும் ஒண்ணக் காட்டி ஒண்ண மறைச்சா, அதுக்கு அழகுன்னு பேரா? பத்திரத்துல நான் மூணு எல்லைய மட்டும் எழுதி, நாலாவது அழகுக்கு விட்டுட்டேன்னு சொன்னா ஒத்துக்கிடுவீங்களா? ஜெபராஜ் வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, பொண்ணு வீட்டுக்குச் சொந்தமா இருக்க முடியாது. ஆனா தொழில்காரன் தொழில்காரன விட்டுக்குடுக்க மாட்டான். நீங்க சொல்லுங்க. நீங்களும் அப்படித் திறந்து வச்சுத்தான் எடுப்பீங்களா? எல்லாருக்குமா? எதுக்கு?

அழகுக்கா. சரி விடுங்க.

படத்துலதான் தெரியல, நேர்ல பாத்துருவோம்னு ஒரு ஞாயித்துக்கெழம காலையில போனோம். நான், ஆவுடை, பையன். நான் உக்காரும்போதே பாத்துத்தான் உக்காந்தேன், பொண்ணு வந்து நின்னா இடது காது என் பக்கம் இருக்கற மாதிரி. வந்தா. காபி குடுத்தா. தலை நிறைய மல்லிகப்பூ, ரெண்டு பக்கமும் தொங்குது. காது தெரியல. வேணும்னே வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

எல்லாரும் பேசிக்கிட்டிருக்கும்போது மெதுவா, "பகவதி"ன்னு ஒரு குரல் குடுத்தேன். திரும்பல. இன்னொரு தடவ குடுத்தேன். திரும்பல. சோலி முடிஞ்சதுன்னு நினைச்சேன். ஆனாலும் ஒரு சோதனைய வச்சு முடிவு பண்ணக் கூடாதுல்லா. அவ அந்தப் பக்கம் திரும்பினப்ப, கையில இருந்த எவர்சில்வர் டம்ளரத் தரையில விட்டேன். டங்குன்னு விழுந்தது. வீடே திரும்பிச்சு. அவளும் திரும்பினா.

திரும்பி என்னைப் பாத்தா. டம்ளர எடுத்து வச்சுட்டு, "மாமா, எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். நீங்க ரெண்டு தடவ மெதுவாப் பேரச் சொன்னதும் கேட்டுச்சு. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கும்போது எதுக்குன்னுதான் திரும்பல"ன்னா.

அவ அப்பா மூஞ்சி மாறிப்போச்சு. என் பையன் தரையப் பாத்துக்கிட்டு நிக்கான். ஆவுடை முந்தானைய இழுத்து வாயில வச்சுக்கிட்டா. எனக்கும் கூச்சமாத்தான் இருந்தது, இல்லன்னு சொல்லல. ஆனா கூச்சப்பட்டா காரியம் நடக்குமா? படத்துல ஏன் காது இல்லன்னு நேராவே கேட்டுட்டேன்.

அவ கோவப்படல பாத்துக்கிடுங்க. அதுவும் எனக்குச் சரியாப் படல. "அந்தப் படத்த நான்தான் எடுத்தேன் மாமா, ஸ்டாண்டுல வச்சு. அதான் என் தொழில்"னா. சின்னப் பிள்ளைகள, வயசானவங்கள எல்லாம் எடுக்காளாம். அப்ப சந்தேகம் தீந்திச்சான்னு கேக்கீங்களா? கூடிச்சு. தன் படத்தத் தானே எடுத்தா, தனக்கு வேண்டியதத்தான காட்டுவா?

உள்ள போயி கேமராவ எடுத்துட்டு வந்தா. "நீங்க உக்காந்த இடத்துலயே இருங்க மாமா. அவங்க பின்னால நிக்கட்டும்"னா. நான் நாற்காலியில இருக்கேன். பையன் எனக்குப் பின்னால நிக்கான். ஒண்ணு எடுத்தா. காட்டினா. என் முகத்துல சவரம் பண்ணாம விட்டுப்போன ரெண்டு வெள்ள முடி வரைக்கும் தெரியுது. பின்னால என் பையன் நிக்கான். ஆளு நிக்கான்னு தெரியுது, யாருன்னு சொல்ல முடியாது. "அவங்களுக்கு ஒண்ணும் இல்லையே மாமா? நல்லாத்தான நிக்காங்க? ஒரு நேரத்துல ஒரு தூரத்துலதான் கூர்மையா விழும்"னா.

பொறவு எங்க ரெண்டு பேரையும் நகரவிடாம, அந்த லென்சு மேல இருக்கற வளையத்த லேசாத் திருகி, இன்னொண்ணு எடுத்தா. இப்ப அவன் தெளிவா இருக்கான். நான் கரைஞ்சு போயிட்டேன். வந்த வீட்டுல வச்சு என்ன அழிச்சுக் காட்டுதா பாருங்க.

ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துல என் பையனுக்குத் தாடைக்குக் கீழ ஒரு தழும்பு தெரிஞ்சது. நீளமா, நாலு தையல் போட்ட தழும்பு. எப்பப் பட்டதுன்னு எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்து ஆவுடைகிட்ட கேட்டேன். "காலேஜு ரெண்டாம் வருஷம் பைக்குல விழுந்தான்லா, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னான்"ங்கா. பதிமூணு, பதினாலு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்காங்க. என் வீட்டுக்குள்ளயே இப்படின்னா, வெளிய எப்படி நம்பறது?

அந்த ரெண்டாவது படத்த என் பையன் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். "இத எனக்கு அனுப்ப முடியுமா?"ன்னு கேட்டான். அவ நம்பர் கேட்டா. இவன் சொன்னான். அத்தன பேரு நடுவுல, என் கண்ணு முன்னால. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல பாருங்க. மத்ததெல்லாம் பாத்தேன், அதப் பாக்காம விட்டுட்டேன்.

திரும்பி வரும்போது ஆலங்குளம் தாண்டினதும் பையன், "அப்பா, எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னான். ஆறு வருஷத்துல அவன் வாயில இருந்து வந்த மொத வார்த்த அது. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது. பொறுலே, வில்லங்கம் மட்டும் பாத்துருவோம்னேன்.

ரெண்டு மாசம் அலைஞ்சேன். அவ படிச்ச பள்ளிக்கூடம், தெருமுக்குப் பலசரக்குக் கடை, அவகிட்ட படம் எடுத்த ரெண்டு வீடு. ஒண்ணும் கிடைக்கல. காது டாக்டர்கிட்ட சீட்டு ஏதாவது இருக்கான்னு ஒரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்கிட்ட விசாரிச்சேன். அவன் போயி பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிட்டான். அவரு போன்ல கூப்பிட்டு, மரியாதையாத்தான் சொன்னாரு, "எங்க பொண்ண உங்க வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனசில்ல"ன்னு. நான் பையன்கிட்ட சொன்னேன், "பாத்தியா, துருவிக் கேட்டதும் பின்வாங்கிட்டாங்க. ஏதோ இருக்கு." அதுக்குப் பொறவு அவன் எனக்குப் போன் பண்றதில்ல. அம்மாகிட்ட பேசுவான். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், எங்கிட்ட குடுன்னு கேக்கவும் மனசு வராது. அவளாக் குடுக்கவும் மாட்டா. எனக்கு அது நெஞ்சுல தச்சது தம்பி. பெத்தவனுக்குத் தைக்காதா?

ஆறு மாசம் போச்சு. போன மாசம் ஒரு நாள் காலையில ஆபீசுக்குப் போறேன், கூட எழுதறவனுக எல்லாம் என்னப் பாத்துட்டு, பாக்காத மாதிரி இருக்கானுக. நோட்டீஸ் போர்டுல போய்ப் பாத்தேன். தனித் திருமணச் சட்டத்துல கல்யாணம் பண்றவங்க மொதல்ல நோட்டீஸ் குடுக்கணும். முப்பது நாள் போர்டுல தொங்கும். ஆட்சேபணை இருக்கறவன் எழுதிக் குடுக்கலாம். பையன் சொந்த ஊரு எதுவோ அங்கயும் ஒரு காப்பி ஒட்டுவாங்க. ஒட்டியிருக்கு. மணமகன் குற்றாலநாதன், தகப்பனார் பெயர் சிதம்பரநாதன். மணமகள் பகவதி. நான் முப்பத்தாறு வருஷமா தினமும் பாக்கற போர்டு.

ரெண்டு பேரு படமும் ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட் படம். நெத்தியில இருந்து கழுத்து வரைக்கும் ஒண்ணு விடாம தெளிவு. ரெண்டு காதும் இருந்தது. நல்ல காது. மிஷின் கிஷின் ஒண்ணும் இல்ல.

நான் போன் போட்டேன். எடுத்தான். "எங்கிட்ட ஏம்ல சொல்லல?"ன்னேன். அவன் சொல்லுதான், "கோயில்ல கட்டிட்டுப் பதிவு பண்ணியிருக்கலாம்ப்பா, ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். உங்களுக்காகத்தான் இப்படிக் குடுத்தேன். முப்பது நாள் டைம் இருக்கு. என்ன சந்தேகம் இருந்தாலும் பாருங்க. இருந்தா எழுத்துல குடுங்க." கிண்டலாச் சொல்லல. நான் குரல உத்துக் கேட்டேன், கிண்டல் இல்ல.

ஆட்சேபணை மனு எழுத எனக்குச் சொல்லித் தரணுமா? மறுநாளே உக்காந்தேன். 'கீழ்க்கண்ட காரணங்களால்'னு எழுதி, ஒண்ணுன்னு நம்பர் போட்டுட்டு, உக்காந்தே இருந்தேன். மறுநாளும் எழுதினேன். அதுக்கு மறுநாளும். எத்தன தாளக் கிழிச்சேன்னு தெரியாது. 'ஒண்ணு'க்குக் கீழ எழுத எனக்கு எதுவும் வரல.

இதுக்கிடையில ஆவுடை, தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பெட்டியக் கட்டினா. மூணாவது நாளு தங்கச்சிக்குப் போன் போட்டுப் பாத்தேன். அங்க வரவே இல்லங்கா. நேரா கோயமுத்தூர் போயிட்டா.

முந்தாநேத்து பையன் கூப்பிட்டான். அவனாக் கூப்பிட்டான். "அப்பா, இன்னும் மூணு நாள்ல, பதினோரு மணிக்குக் கல்யாணம். மூணு சாட்சி வேணும். ஒண்ணு அம்மா. ஒண்ணு பகவதி அப்பா. மூணாவது எடத்த எழுதாம வச்சிருக்கோம்"னான். வாங்கன்னு சொல்லல. வராதீங்கன்னும் சொல்லல. எழுதாம வச்சிருக்கோம்னான். அதுல என்ன இருக்குன்னு நேத்து முழுக்க யோசிச்சேன். ஆசீர்வாதம் பண்ண அப்பன் வேணும்னு கூப்பிட்டா புரியும். சாட்சி எதுக்கு?

சாட்சின்னா என்னன்னு தெரியுமா தம்பி உங்களுக்கு? பத்திரத்துல, மேற்படி நபர எனக்கு நேர்ல நல்லாத் தெரியும்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது. எங்க ஆபீசுல சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வராதவன் இருப்பான். 'அண்ணாச்சி, ஒரு கையெழுத்து'ம்பான். போடுவேன். அவன் மூஞ்சியக் கூட நிமிந்து பாத்திருக்க மாட்டேன். நல்லாத் தெரியும்னு போட்டிருக்கேன், ஆயிரம் பேருக்கு மேல. இன்ன வரைக்கும் கை தயங்கினதில்ல. கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிட்டேன், ஆனா நாளைக்குப் போட முடியுமான்னு எனக்குத் தெரியல. அவன எனக்கு நல்லாத் தெரியும்னு எப்படிப் போடுவேன்? பயமா இருக்கு தம்பி. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க.

இருங்க, போன் அடிக்கி. அவன்தான்.

ஆங், சொல்லுலே. பஸ்ஸுலதான். தாராபுரம் தாண்டியாச்சு. ம். ம். சாப்பிட்டேன். ஆங், சாப்பிட்டேன்லே. ஜன்னலோரம்தான். சரி. வை.

எங்க வாறீங்கன்னு கேட்டான். அது சரி. சாப்பிட்டீங்களான்னு கேட்டான். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல, வெளிய எவன் எதுல எதக் கலக்கானோன்னு. சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன். முப்பத்துமூணு வருஷத்துல அவன் எங்கிட்ட இப்படிக் கேட்டதே இல்ல தம்பி. இன்னைக்குப் பாத்து எதுக்குக் கேக்கான்?